ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலச் சொல் விளையாட்டு: அட்டையில் என்ன இருக்க வேண்டும்?

ஜூன் 20 (ஒரு வாசகரின் கேள்வி)

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகள். ஆங்கிலச் சொற்களை இன்று ஒப்பிக்கிறார்கள், மறுநாள் கேட்டால் விழிக்கிறார்கள். அதிகச் செலவில்லாத ஒரு விளையாட்டு வேண்டும். பரமபதக் கட்டங்களில் சொற்களை எழுதிவிட்டால் விளையாடிக்கொண்டே படித்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 20, இரவு

பரமபதம் வேண்டாம். நான் செய்து பார்த்துவிட்டேன்.

தஞ்சாவூருக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளி எங்களுடையது. சார்ட் அட்டையில் 100 கட்டம் போட்டேன், கட்டத்துக்கு ஒரு சொல். காய் நிற்கும் கட்டத்தின் சொல்லைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். தாயக்கட்டைக்குப் பதில் ஆறு புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, குலுக்கிப் போட்டு, வெள்ளை முகங்களை எண்ணுவது. பிள்ளைகள் மதிய உணவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து விளையாடினார்கள். எனக்கு ஒரே பூரிப்பு.

இரண்டு வாரம் கழித்துச் சொற்களைக் கேட்டேன். பாம்பின் தலை இருந்த கட்டங்களின் சொற்கள் மட்டும் நினைவில் இருந்தன. மற்றவை எல்லாம் போயே போய்விட்டன.

காரணம் புரிய எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த ஆட்டத்தில் ஜெயிப்பது புளியங்கொட்டை. ஆறும் வெள்ளையாக விழுவது 64 முறைக்கு ஒரு முறை. பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் விழும். பிள்ளைகளின் சண்டை, வேண்டுதல், கூச்சல் எல்லாம் அந்தக் கொட்டையின் மேல். சொல், வழியில் கட்டும் சுங்கம். கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஜூன் 21

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பாம்புக் கட்டத்துச் சொற்கள் ஏன் நினைவில் நின்றன என்று யோசித்தேன். "இப்போது மூன்று விழுந்தால் நான் டேஞ்சரில் போய் நிற்பேன்" என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சொற்களை நான் சொல்ல வைக்கவில்லை. அச்சம் சொல்ல வைத்தது. அந்த ஆட்டத்தில் தேவைப்பட்டுச் சொல்லப்பட்ட சொற்கள் அவை மட்டுமே.

ஜூன் 24

கேள்வி கேட்டவர், "அப்படியானால் ஜோடி சேர்க்கும் ஞாபக விளையாட்டு?" என்கிறார். அதையும் செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி, பின்பக்கம் படம் ஒட்டி, 20 ஜோடி செய்தேன். நல்ல கெட்டி அட்டை, காசும் இல்லை. கவிழ்த்து வைத்து இரண்டிரண்டாகத் திருப்ப வேண்டும்.

ஒரு பையன் ஏழு திருப்பில் ஏழு ஜோடி எடுத்தான். அசந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்திரிகை என்றால் மூலையில் மஞ்சள் தடவியிருக்குமே; ஒவ்வொரு அட்டையிலும் அந்தக் கறை ஒவ்வொரு மாதிரி. ஆப்பிளுக்கு வலது மூலையில் கட்டைவிரல் அளவு, குடைக்கு ஓரமாக ஒரு கீற்று. அவன் மஞ்சளைப் படித்துவிட்டான். கூர்மையான பிள்ளை. ஆனால் குடைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் தெரியவில்லை.

மூலைகளை வெட்டிவிட்டு மறுபடி ஆட விட்டேன். அப்போதும் அவர்கள் நினைவில் வைத்தது இடத்தைத்தான்: மூன்றாம் வரிசையில் நான்காவது. இடம் தெரிந்தால் போதும், பெயர் எதற்கு?

இப்போது எந்த விளையாட்டைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன்: அந்தச் சொல் தெரியாத பிள்ளை இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அதை விளையாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆங்கில வகுப்புக்கு ஆகாது.

ஜூன் 25

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் போதாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அது சொல் தெரிந்தவர்களுக்கான ஆட்டம். தெரிந்த சொல்லை எழுத்துக் கூட்டி வைக்கலாம். தெரியாத சொல் அதில் எங்கிருந்தும் வராது.

ஆனால் அதைச் செய்தவரிடம் நமக்குக் கற்க ஒன்று உண்டு. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் உருவாக்கியது. எந்த எழுத்துக்கு எத்தனை வில்லை என்று முடிவு செய்யச் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணினார். அதனால்தான் மொத்தம் 100 வில்லைகளில் ஈ எழுத்துக்கு 12, கியூவுக்கு ஒன்றே ஒன்று. எஸ் எழுத்துக்கு மட்டும் கணக்கை மீறினார். ஆங்கிலத்தில் அவ்வளவு புழங்கும் எழுத்துக்கு நான்கே வில்லைகள். நிறைய கொடுத்தால் எல்லோரும் இருக்கிற சொல்லின் வாலில் எஸ் சேர்த்துப் புள்ளி அள்ளிவிடுவார்கள். குறுக்குவழி எங்கே என்று பார்த்து அதை அடைத்திருக்கிறார். மஞ்சள் மூலையை நான் வெட்டியதும் அந்த வேலைதான், என்ன, காலம் கடந்து செய்தேன்.

ஜூலை 2

இப்போது என் வகுப்பில் ஓடும் விளையாட்டைச் சொல்கிறேன். சீட்டுக்கட்டில் ஆடும் ஒரு பழைய ஆட்டத்தின் உருமாற்றம். பிள்ளைகள் வைத்த பெயர் "இருக்கா".

நான்கு பேர். 20 சொல், சொல்லுக்கு இரண்டு அட்டை, ஆக 40. ஆளுக்கு ஐந்து அட்டை. மீதி நடுவில் கவிழ்ந்திருக்கும். உன் கையில் குடை இருந்தால், இன்னொரு குடை யாரிடம் இருக்கும் என்று ஊகித்து, அவரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்: "டூ யூ ஹேவ் அன் அம்ப்ரெல்லா?" இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும்; நீ ஜோடியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது, அடுத்தவர் முறை. ஜோடி அதிகம் சேர்த்தவர் ஜெயித்தார்.

அட்டையில் படம் மட்டும். ஆங்கில எழுத்து இருந்தால் பிள்ளை படித்துவிடும். நெஞ்சுக்குள் தேட வேண்டிய தேவை போய்விடும். தமிழும் கூடவே கூடாது. கையைக் காட்டுவதும் கூடாது. கேட்பவர் சொல்லைத் தேடி எடுக்க வேண்டும், எதிரில் இருப்பவர் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அட்டை கைமாறாது.

ஜூலை 3

விட்டுப்போனது: கேட்க வேண்டுமானால் அந்த அட்டையின் ஜோடி உன் கையில் இருந்தே ஆக வேண்டும். இந்த விதி இல்லாதபோது ஒரு சிறுமி தனக்குத் தெரிந்த மூன்றே சொற்களை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9

"தேடி எடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது? திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா?" என்று ஒரு ஆசிரியர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம்.

கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாகிலி சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் சிலரிடம் அதைத் தொடர்ந்து கேட்டார்கள். சிலரிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்; படிப்பது மட்டும் தொடர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தொடர்ந்து கேட்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவில் இருந்தது. கேட்பது நிறுத்தப்பட்டவர்கள் எவ்வளவு படித்தும் 40 விழுக்காட்டைத் தொடவில்லை.

இதைப் படித்த அன்று, பத்து முறை எழுதிவா என்று நான் கொடுத்த வீட்டுப்பாடங்களெல்லாம் கண்முன் வந்தன. பத்து முறை எழுதும் பிள்ளை முதல் வரியைப் பார்த்து மற்ற ஒன்பதையும் எழுதுகிறது. ஒருமுறைகூட உள்ளே தேடுவதில்லை. பல ஆண்டுகள் அதைச் செய்ய வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 11

இன்று வகுப்பில் நடந்தது.

ஒரு சிறுமி எதிரில் இருந்தவனிடம் "டூ யூ ஹேவ் எ பேர்?" என்றாள். அவன் கரடியை எடுத்து நீட்டினான். அவள் "ஐயோ, இது இல்லை" என்று பேரிக்காயைக் காட்டிவிட்டாள். அவன் "நீ பேர் என்றுதானே கேட்டாய்" என்றான். பின்னாலிருந்து ஒருவன் "யார் பேர்?" என்று எழுந்துவிட்டான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

நம் எழுத்தில் கரடியும் பேரிக்காயும் ஒன்றே. ஒரே பகரம் இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. தமிழ் ஒலிக்குறிப்பு எழுதிக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு கண்ணிலும் படாது, காதிலும் விழாது. நான் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அட்டை மாறி வந்த ஒரு நொடியில் அவளுக்கே தெரிந்துவிட்டது, ஏதோ வேறுபாடு இருக்கிறது என்று.

நோட்டுத் தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்றுக் கிழித்து அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். பேரிக்காய் என்றால் தாள் துள்ள வேண்டும். கரடி என்றால் அசையக் கூடாது. முதல் நான்கு முறை துள்ளவில்லை. ஐந்தாம் முறை தாள் மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. அதன்பின் வகுப்பில் ஒருவர் கையிலும் முழு நோட்டு இல்லை. எல்லோரும் கீற்றுக் கிழித்துவிட்டார்கள்.

இப்படி ஒலியால் குழம்பும் ஜோடிகளைக் கட்டுக்கு ஒன்றாவது வேண்டுமென்றே வைக்கிறேன். பிழைக்கு உடனே விளைவு தெரிகிறது; நான் குறுக்கே போய்த் திருத்த வேண்டியதில்லை.

ஜூலை 18

எந்தச் சொற்களை ஒரே அட்டைக் கட்டில் வைப்பது? இதில்தான் நான் நெடுநாள் தவறு செய்தேன். பாடநூலில் பழங்கள் ஒரு பக்கம், நிறங்கள் ஒரு பக்கம், உறவுகள் ஒரு பக்கம் என்று இருக்கும். அதே மாதிரி பழக் கட்டு, நிறக் கட்டு செய்தேன். பார்க்க அழகு. ஆனால் பிள்ளைகள் எல்லோ, கிரீன் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இடது, வலது அதைவிட மோசம்.

டிங்கம் என்பவர் 1993இலும், வாரிங் என்பவர் 1997இலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே இனத்துச் சொற்களைப் புதிதாக ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. தொடர்பில்லாத சொற்களைச் சேர்த்துக் கற்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. என் வகுப்பு எனக்குச் சொன்னதும் அதுவே. இப்போது ஒரு கட்டில் ஒரு பழம், ஒரு விலங்கு, ஒரு பாத்திரம், ஒரு நிறம், ஒரு வேலை என்று கலந்துதான் வைக்கிறேன். இடது இந்த மாதம், வலது அடுத்த மாதம்.

பேரும் பேரும் மட்டும் ஒன்றாக இருக்கலாமா என்று கேட்பீர்கள். அவை இரண்டும் முன்பே தெரிந்த சொற்கள். புதிதாக வரும்போது ஒன்றாக வைப்பதில்லை.

ஜூலை 19

எத்தனை சொல் என்று கேட்டவருக்கு: வாரம் 12 புதியது, 8 பழையது. 40 புதுச் சொல் வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் எட்டைத் தாண்டியவர் யாருமில்லை.

பட்டியலுக்கு மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலைப் பார்க்கிறேன். ஏறத்தாழ 2000 சொற்கள். வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் கண்டவர். பட்டியல் பழையதுதான். டிவியும் மொபைலும் அதில் எங்கே இருக்கும்? அவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

ஜூலை 20

மேலே கடைசியாகச் சொன்னதை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போதே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களோடு வருகிறார்கள். பஸ், டிக்கெட், ஃபேன், பக்கெட், சோப், டம்ளர், கேட், பல்பு. தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம்பும் பிள்ளையிடம் இவற்றை எழுதிவரச் சொல்லுங்கள். ஒருவன் பாட்டியோடு உட்கார்ந்து 63 சொல் எழுதி வந்தான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் முதல் கட்டு முழுக்க இப்படிப்பட்ட சொற்களே. விதியைப் பழகட்டும், சொல் தடையாக இருக்க வேண்டாம். ஆனால் சில சொற்கள் நம்மிடம் வந்து பொருள் மாறிவிட்டன. கரண்ட் போய்விட்டது என்கிறோம். அவர்கள் பவர் என்பார்கள். சாப்பிடும் இடம் நமக்கு ஹோட்டல். அவர்களுக்கு அது தங்கும் இடம். இவற்றை முதல் கட்டில் வைக்காதீர்கள்.

எதிர்த்திசையில் போனவையும் உண்டே: கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணீர் முல்லிகடானி ஆனது. இதைச் சொன்ன அன்று பிள்ளைகள், "நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறார்களா, டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

ஆகஸ்ட் 1

செயலி செய்து தருவதாக ஒருவர் முன்வந்திருக்கிறார். நல்ல மனம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்ஃபோன் என்பது அப்பா வேலை முடிந்து வந்தபின் அரை மணி நேரம், அதற்குள் மூன்று பேர் சண்டை. நான் பார்த்த செயலிகளில் பெரும்பாலும் நான்கு விடையில் ஒன்றைத் தொடும் முறை. கண்ணை மூடித் தொட்டாலும் நான்குக்கு ஒன்று சரி. செய்வதாக இருந்தால் விடைகளைக் காட்டாமல், பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகு சரியானதை ஒலிக்கச் செய்யுங்கள்.

ஆகஸ்ட் 8

பேசாத பிள்ளை. இதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

தவறாகச் சொன்னால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் விளையாட்டுகள் எனக்கு ஆகவே ஆகாது. அதிகப் பயிற்சி வேண்டிய பிள்ளை முதல் நிமிடத்திலேயே சுவரோரம் போய் உட்காருகிறது. ஏற்கெனவே தெரிந்தவன் கடைசிவரை ஆடி இன்னும் தெரிந்துகொள்கிறான்.

"இருக்கா"வில் யாரும் வெளியேறுவதில்லை. அப்படியும் ஒரு சிறுவன் வாயே திறக்கவில்லை. அவன் முறை வந்தால் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பான், மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவனைச் சாட்சி ஆக்கினேன். ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து, படமும் ஆங்கிலச் சொல்லும் இருக்கும் தாளைக் கையில் வைத்து, கேட்டது சரியா என்று தலையாட்டுவது அவன் வேலை. ஒன்பது நாள் தலையாட்டினான். பத்தாம் நாள் ஒருத்தி "ஸ்பூன்" என்பதற்கு "இஸ்பூன்" என்றாள். அவன் தலையாட்டவில்லை. "ஸ்பூன்" என்றான். அந்த வகுப்பறையில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆங்கிலச் சொல் அது. மறுநாள் கையில் அட்டை வாங்கிக்கொண்டான்.

அதனால் இப்போது சாட்சி வேலை எல்லோருக்கும் முறை வைத்து வருகிறது. பயந்த பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது தண்டனை இடமாகிவிடும்.

ஆகஸ்ட் 22

ஆடி முடித்த கட்டுகளை என்ன செய்வது? மூட்டை கட்டி வைத்தால் மறந்துவிடுவார்கள். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் சொன்ன பெட்டி முறையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் வரிசையாக அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடி எடுக்க வேண்டும், கடைசி அறையை எப்போதாவது.

எங்கள் பள்ளிச் சாமான் அறையில் செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைத் தட்டுகள் தூசி படிந்து கிடந்தன. ஐந்தைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டேன். பெட்டிச் செலவும் மிச்சம். முதல் தட்டு நாள்தோறும், இரண்டாவது வாரம் இருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. மற்ற இரண்டும் மாதம் ஒருமுறை வெளியே வந்தால் போதும்.

செப்டம்பர் 4

ஜூலை 2 அன்று "தமிழும் கூடவே கூடாது" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

படம் வரையக்கூடிய சொற்கள் தீர்ந்துவிட்டன. "பிகாஸ்" என்பதற்கு என்ன வரைவது? "ஏர்லி"க்குச் சூரியன் உதிப்பதை வரைந்தேன். பிள்ளைகள் "மார்னிங்", "சன்", "மவுண்டன்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூன்று வாரம் படத்தோடு போராடினேன். கடைசியில் ஒரு அட்டையில் தமிழிலேயே எழுதினேன்: "இன்று ______ எழுந்தேன், முதல் பஸ் கிடைத்தது." உடனே மூன்று பேர் "சீக்கிரம்" என்றார்கள், ஒருத்தி "ஏர்லி" என்றாள்.

நான் தடுக்க வேண்டியது விடை கண்ணில் படுவதை மட்டும்தான். தமிழைத் தடுத்தது வீண் கண்டிப்பு. பயிற்சிக் கூட்டங்களில் ஆங்கில வகுப்பில் தமிழ் நுழையக் கூடாது என்று கேட்டுக் கேட்டு, யோசிக்காமல் அட்டையிலும் அதைப் புகுத்திவிட்டேன். படம் முடிகிற இடத்தில் தமிழ் வாக்கியம் போடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு வாழ்க்கைக் காட்சியை எழுதிக் கோடிட்ட இடம் விடுங்கள்.

செப்டம்பர் 5

ஆம், வாக்கியமும் குறுகியதாக இருக்க வேண்டும். எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் கையில் விரித்துப் பிடித்து ஆட முடிவதில்லை.

அக்டோபர் 9

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த அன்று, பேரிக்காய் கேட்டுக் கரடி வாங்கிய அதே சிறுமி ஒரு சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே மாதக் காலண்டர் அட்டையில் வெட்டிய 28 அட்டைகள், 14 ஜோடி. பாட்டியோடு ஆடினாளாம். பாட்டி தமிழில் கேட்பார், இவள் ஆங்கிலத்தில் சொன்னால்தான் அட்டை. விதியை அவளே மாற்றியிருக்கிறாள்.

அரிவாள், கூடை, ஆடு, உரல், களத்துமேடு என்று வீட்டைச் சுற்றி இருப்பதையெல்லாம் வரைந்திருந்தாள். ஐந்து அட்டைகளில் சாட்சித் தாளில் ஆங்கிலம் எழுதவில்லை, கேள்விக்குறி போட்டிருந்தாள். அதில் ஒன்று முறம். "இதற்கு என்ன, டீச்சர்?" என்றாள்.

அகராதியைப் பார்த்து "வின்னோயிங் ஃபேன்" என்றேன். கொஞ்ச நேரம் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். பிறகு முறத்தின் படத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காற்றில் புடைத்துக் காட்டி, "இதுவும் காற்று வருவதற்குத்தானே?" என்றாள்.

அந்த ஜோடியை இந்த வாரக் கட்டில் எட்டாவது பழைய சொல்லுக்குப் பதிலாகச் சேர்த்திருக்கிறேன். மற்ற நான்கு கேள்விக்குறிகளில் உரலுக்கு "மோர்ட்டார்" என்று எழுதலாமா, அது சிறிய கல்வத்தைத்தான் குறிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளை அவள் கேட்பாள்.